குண்டு எறிதல் வீராங்கனை ஒருவர் இணையத்தில் எவ்வளவு பிரபலம்? அளக்கும் வழி

குண்டு எறிதலுக்கு ரசிகர் கூட்டம் இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். ஓட்டத்துக்கு இருக்கிறது, நீச்சலுக்கு இருக்கிறது, கால்பந்துக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் நாலு கிலோ உலோகக் குண்டைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் ஒரு வட்டத்துக்குள் நின்று தள்ளிவிடும் பெண்ணை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை டிவியில் பத்து நிமிஷம் காட்டினாலே அதிகம். இருந்தாலும் இதிலும் பேர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பேர் இணையத்தில் தடம் விட்டிருக்கிறது, அந்தத் தடத்தை அளக்கவும் முடியும். அளப்பது சுலபம்தான். தப்பாக அளப்பது அதைவிடச் சுலபம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு ஹங்கேரியின் அனிட்டா மார்டோனை எடுத்துக்கொள்வோம். ஊர் உலகமே கொண்டாடும் நட்சத்திரமும் இல்லை, யாருக்கும் தெரியாத ஆளும் இல்லை. ஒரு அளவுகோல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இப்படி நடுவில் இருக்கிறவர்தான் தோதானவர். மெஸ்ஸியை எந்தக் கருவியில் போட்டாலும் பெரிய எண்தான் வரும், அதிலிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

முதலில் தேதிகள்

எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன்னால் அந்த ஆளின் பெரிய நாட்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நேராக வரைபடத்துக்குப் போனால், எந்த மேடு எதனால் வந்தது என்று பிறகு ஊகித்துக்கொண்டே இருப்பீர்கள்.

மார்டோன் 1989ல் சேகெட் நகரத்தில் பிறந்தவர். 2015ல் பிராக்கில் ஐரோப்பிய உள்ளரங்கத் தங்கம். 2016 மார்ச்சில் போர்ட்லாண்டில் உலக உள்ளரங்க வெள்ளி. அதே வருஷம் ஆகஸ்ட் 12ம் தேதி ரியோ ஒலிம்பிக்கில் 19.87 மீட்டர் எறிந்து வெண்கலம், அது ஹங்கேரியின் தேசியச் சாதனையும் கூட. 2017 மார்ச்சில் பெல்கிரேடில் மறுபடியும் ஐரோப்பிய உள்ளரங்கத் தங்கம், ஆகஸ்டில் லண்டன் உலகப் போட்டியில் 19.49 மீட்டரோடு வெள்ளி. 2018 மார்ச் தொடக்கத்தில் பர்மிங்காமில் 19.62 எறிந்து உலக உள்ளரங்கச் சாம்பியன்.

தேதிகளுக்குப் பக்கத்திலேயே அதே நாளில் வேறு என்ன நடந்தது என்பதையும் குறித்துவையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பட்டியலிலேயே முக்கியமான வரி. ரியோவில் அந்த இரவு அமெரிக்காவின் மிஷேல் கார்ட்டர் தன் கடைசி எறிதலில் 20.63 போட்டு, 20.42ல் நின்ற நியூசிலாந்தின் வாலரி ஆடம்ஸிடமிருந்து தங்கத்தைப் பறித்தார். உலகச் செய்திகளின் தலைப்பு முழுக்க அவர்களைப் பற்றித்தான். சரி, ஹங்கேரியிலாவது மார்டோன் முதல் பக்கத்தில் வந்திருப்பார் என்று நினைத்தால், கிட்டத்தட்ட அதே நேரத்தில் நீச்சல் குளத்தில் கட்டிங்கா ஹோஸூ 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் நீந்திக்கொண்டிருந்தார். அதே ஒலிம்பிக்கில் ஏற்கெனவே மூன்று தங்கம் வாங்கியிருந்தவர், அன்று வெறும் 0.06 வினாடியில் நாலாவது தங்கத்தைத் தவறவிட்டார். ஹங்கேரிக்கு ரியோவில் தடகளத்தில் கிடைத்த ஒரே பதக்கம் மார்டோனுடையது. குண்டு எறிதலில் அந்த நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் என்று பார்த்தால் 1964 டோக்கியோவில் வில்மோஷ் வர்யூ வாங்கிய வெண்கலத்துக்கு அப்புறம் 52 வருஷம் கழித்து வந்தது. அவ்வளவு பெரிய சேதியும் ஹோஸூவின் வெள்ளியோடு இடத்தைப் பங்கு போட வேண்டியிருந்தது. மேடு சின்னதாகத் தெரிந்தால் ஆளுக்கு மதிப்பில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். ரியோவில் 12ம் தேதி இரவு நடந்த போட்டி, ஹங்கேரியில் 13ம் தேதி அதிகாலை. விக்கிப்பீடியாவின் எண்ணிக்கை யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி ஓடுகிறது, அதிலும் அப்போது 13ம் தேதி பிறந்துவிட்டது. ஆகவே 12ம் தேதியில் மேட்டைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். காலையில் எழுந்து செய்தி பார்த்த ஜனங்கள்தான் அந்த எண்ணை ஏற்றியிருப்பார்கள்.

பெயரை எப்படித் தேடுவது

ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள். அவர்கள் ஊரில் இவர் மார்டோன் அனிட்டா, மற்ற எல்லா இடத்திலும் அனிட்டா மார்டோன். இரண்டு வரிசையிலும் தேட வேண்டும். அப்புறம் மார்டோனில் வரும் முதல் உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு உண்டு. அந்தக் கோடு இல்லாமல் தேடினால் வேறு ஆட்கள் வந்து கலந்துவிடுவார்கள்: கோடில்லாத மார்டன் என்ற குடும்பப் பெயரோடு ஏவா மார்டன் என்ற ஓப்பரா பாடகி இருக்கிறார், கேட்டி மார்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் இருக்கிறார், இருவரும் ஹங்கேரியில் பிறந்தவர்கள், இருவரும் நம் ஆளைவிட அதிகம் தேடப்படுகிறவர்களாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உங்கள் விசைப்பலகையில் அந்த எழுத்து இல்லை என்றால் விக்கிப்பீடியா கட்டுரையின் தலைப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்டிச் சிரமப்பட வேண்டாம்.

இன்னும் பத்திரமான வழி விக்கித்தரவு. அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண்ணுக்குக் கீழே எந்தெந்த மொழி விக்கிப்பீடியாவில் கட்டுரை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் தலைப்பு என்ன எழுத்தில் இருக்கிறது என்று எல்லாம் கிடைக்கும். முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பக்கப் பார்வைகள்: வேலையில் முக்கால்வாசி இங்கேதான்

விக்கிப்பீடியாவின் எந்தக் கட்டுரையிலும் வரலாறு பகுதிக்குப் போனால் பக்கப் பார்வைக் கருவிக்கு இணைப்பு இருக்கும். காசு இல்லை, கணக்கு தொடங்க வேண்டியதும் இல்லை. தேதியைக் கொடுத்தால் ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை அந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்று வரைந்து காட்டும்.

இந்தக் கருவியில் தரவு 2015 ஜூலையிலிருந்துதான் கிடைக்கிறது. மார்டோனின் பிராக் தங்கம் அந்த வருஷம் மார்ச்சில், ஆகவே அது வலையில் விழாது. 2007 டிசம்பரிலிருந்து பழைய எண்ணிக்கை ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது தானியங்கிகளை, அதாவது மனிதர் இல்லாமல் தானாகவே பக்கங்களைத் திறக்கும் பாட் நிரல்களை, கழிக்காமல், பெரும்பாலான காலத்துக்கு மொபைல் பார்வைகளைச் சேர்க்காமல் எடுத்த கணக்கு. இரண்டையும் ஒட்டவைத்து ஒரே கோடாக வரையாதீர்கள். 2007 முதல் மொத்தம் இத்தனை லட்சம் பார்வைகள் என்று ஒரு எண்ணை எங்காவது பார்த்தால், அதன் பின்பாதியை மட்டும் நம்புங்கள்.

கருவியின் அமைப்புகளில் முகவர் என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் பயனர் என்று வையுங்கள். தேடுபொறிகளின் தானியங்கிகளும் மனிதர் மாதிரி நடிக்கும் தானியங்கிகளும் கழிந்துபோகும். இந்த இரண்டாவது வகையை 2020லிருந்துதான் தனியாகப் பிரிக்கத் தொடங்கினார்கள், அதற்கு முந்தைய எண்களில் அது கலந்தே இருக்கும். பெரிய கட்டுரைகளில் இந்தக் கலப்படம் பொருட்டில்லை. குண்டு எறிதல் வீராங்கனையின் பக்கம் ஒரு சாதாரண நாளில் மிகக் குறைவாகத்தான் திறக்கப்படும், அப்படிப்பட்ட இடத்தில் ஏதோ ஒரு பாட் சுற்றி வந்தாலே கோடு துள்ளும். பதக்க நாளும் இல்லை, செய்தியும் இல்லை, ஆனால் திடீரென்று ஒற்றை நாளில் மட்டும் ஒரு ஊசிமுனை தெரிகிறதா, மறுநாளே பழைய நிலைக்கு வந்துவிட்டதா, பெரும்பாலும் அது மனிதர் வேலை இல்லை. உண்மையான ஆர்வம் என்றால் மேடு ஏறியபின் இறங்க நாலைந்து நாளாவது எடுத்துக்கொள்ளும்.

வழிமாற்றுகளை, அதாவது வேறு பெயரில் வருகிறவரைச் சரியான கட்டுரைக்குத் திருப்பிவிடும் பக்கங்களை, மறக்க வேண்டாம். சாய்கோடு இல்லாத தலைப்பில் ஒரு வழிமாற்று இருந்தால் அந்த வழியாக வந்த பார்வைகள் தனிக் கணக்கில் போகும். கட்டுரையின் பெயர் எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் பழைய பெயரின் எண்ணிக்கை பழைய பெயரிலேயே கிடக்கும். வழிமாற்றுகளையும் சேர்த்துக் காட்டும் ஒரு துணைக் கருவி அங்கேயே இருக்கிறது, அதை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். எல்லா மொழிகளையும் கூட்டிக் காட்டும் கருவியும் உண்டு, அதன் பெயர் லாங்வியூஸ்.

இப்போது எண்களை எப்படிப் படிப்பது. மொத்தத்தைப் பார்க்காதீர்கள், அதாவது முதலில் பார்க்காதீர்கள். இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று உச்சம்: பதக்கம் வாங்கிய நாளையும் அடுத்த நாளையும் சேர்த்து எத்தனை. இன்னொன்று அடித்தளம்: போட்டியே இல்லாத காலத்தில் ஒரு சாதாரண நாளுக்கு எத்தனை. தடகளத்தில் உள்ளரங்கப் பருவம் பிப்ரவரி, மார்ச்சில். வெளியரங்கப் பருவம் மே தொடங்கி செப்டம்பர் வரை. ஆகவே அடித்தளத்துக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களை எடுங்கள். சராசரி போடாதீர்கள், மீடியன் போடுங்கள், அதாவது எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள், ஏனென்றால் ஒரே ஒரு பாட் நாள் சராசரியைக் கெடுத்துவிடும், மீடியனை அசைக்காது.

என் கணக்கில் உச்சம் என்பது ஒலிம்பிக்கின் புகழ், அடித்தளம்தான் ஆளின் புகழ். ரியோவில் வெண்கலம் யார் வாங்கியிருந்தாலும் அன்று அவர் பக்கத்தை ஒரு கூட்டம் திறந்திருக்கும். நாலாவதாக வந்த சீனாவின் கோங் லிஜியாவ் 19.39 எறிந்தார், மார்டோனுக்கும் அவருக்கும் அரை மீட்டர்கூட இடைவெளி இல்லை, அந்த இடைவெளி மாறியிருந்தால் கூட்டமும் அந்தப் பக்கம் போயிருக்கும். ஆனால் அடுத்த வருஷம் அக்டோபரில், எந்தப் போட்டியும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, யாரோ இவர் பெயரைத் தேடித் திறக்கிறார்கள் என்றால் அது இவருக்காக மட்டும் வந்த பார்வை. அந்த அடித்தளத்தை ரியோவுக்கு முந்தைய 2015 அக்டோபரிலும், பிந்தைய 2016, 2017, 2018 அக்டோபர்களிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படி ஏறியிருக்கிறதா, ஏறிய படி நிலைத்திருக்கிறதா என்பது பளிச்சென்று தெரியும்.

அடித்தளம் கடைசி சில வருஷங்களில் இறங்கியிருந்தால் அதற்கு அவர் மட்டும் காரணமில்லை. தேடல் பக்கத்திலேயே பதில் கிடைத்துவிடுவதால் விக்கிப்பீடியாவுக்குள் வருகிறவர்களே குறைந்துவருகிறார்கள். 2025ல் விக்கிமீடியா அறக்கட்டளையே மனிதப் பார்வைகள் முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்திருப்பதாகச் சொன்னது. இதைச் சரிக்கட்ட, அந்த மொழி விக்கிப்பீடியாவின் மொத்தப் பார்வைகளை சைட்வியூஸ் கருவியில் எடுத்து அதால் வகுத்துக்கொள்ளுங்கள். வகுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஹங்கேரியின் மக்கள்தொகை ஒரு கோடிக்கும் குறைவு. ஹங்கேரிய விக்கிப்பீடியாவில் 100 பார்வை என்பதும் ஆங்கிலத்தில் 100 பார்வை என்பதும் ஒன்றே இல்லை, முதலாவது பல மடங்கு கனமானது. வகுத்தால்தான் அந்தக் கனம் எண்ணில் தெரியும்.

வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று தெரிய வேண்டுமா, க்ளிக்ஸ்ட்ரீம் என்ற மாதாந்திரத் தரவு இருக்கிறது. தேடுபொறியிலிருந்து வந்தவர் எத்தனை, ரியோ குண்டு எறிதல் முடிவுகள் பக்கத்திலிருந்து தாவியவர் எத்தனை என்று பிரித்துச் சொல்லும். முடிவுகள் பட்டியலில் மூன்றாவது பெயரைச் சும்மா சொடுக்கியவரும், பெயரைத் தெரிந்து தேடி வந்தவரும் வேறு வேறு ஆட்கள் இல்லையா. குறை என்னவென்றால் இது பெரிய மொழிகள் சிலவற்றுக்குத்தான் உண்டு, ஹங்கேரிய மொழிக்கு இல்லை. பத்து அல்லது அதற்கும் குறைவான தாவல்களை விட்டுவிடுவார்கள், ஆகவே பருவம் இல்லாத மாதங்களில் நம் ஆளுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஒலிம்பிக் மாதங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கூகுள் ட்ரெண்ட்ஸ்

ஒரு பெயரைக் கூகுளில் எப்போது, எங்கே அதிகம் தேடினார்கள் என்று காட்டும் இலவசக் கருவி இது. இங்கே வருவது உண்மையான எண்ணிக்கை இல்லை, 0 முதல் 100 வரை ஒரு ஒப்பீட்டு அளவு. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் மிக உயர்ந்த புள்ளி 100, மற்றதெல்லாம் அதற்கு ஏற்ப. இதைத் தெரியாமல், 2018லும் 100, 2016லும் 100, இரண்டும் சமம் என்று தனித்தனிப் படங்களை வைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெயரைத் தட்டும்போது கீழே இரண்டு மாதிரித் தேர்வுகள் வரும்: வெறும் தேடல் சொல், அல்லது தடகள வீராங்கனை என்று விவரம் போட்ட தலைப்பு. தலைப்பு இருந்தால் அதையே எடுங்கள், அது எல்லா எழுத்துக்கூட்டலையும் இரண்டு பெயர் வரிசையையும் தானே சேர்த்துக்கொள்ளும். தலைப்பு வரவில்லை என்றால் முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். குடும்பப் பெயரை மட்டும் போட்டு ஹங்கேரியில் தேடினால் ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 11 வாக்கில் கோடு வானத்துக்குப் போகும். அது புனித மார்டோன் தினம், வாத்துக்கறி சாப்பிட்டுப் புது ஒயின் குடிக்கும் நாள், குண்டு எறிதலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வர்யூவின் கதை இன்னும் மோசம், அவருடைய பெயருக்குக் காகம் என்று அர்த்தம், பறவை பார்க்கிறவர்கள் எல்லாரும் அவர் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

ஒப்பிடும்போது யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். மார்டோனையும் ஹோஸூவையும் ஒரே படத்தில் போட்டால் மார்டோன் தரையோடு தரையாகப் படுத்திருப்பார், பூஜ்யமா ஒன்றா என்றே தெரியாது. அதனால் ஏணி மாதிரி ஏறுங்கள். முதலில் அவர் அளவுக்கே இருக்கும் இன்னொரு ஹங்கேரிய எறிதல் வீரரோடு, அதாவது சங்கிலிக் குண்டு எறியும் பென்ஸ் ஹலாஸோடு ஒப்பிடுங்கள், பிறகு ஹலாஸை கிறிஸ்டியான் பார்ஷோடு, பார்ஷை ஹோஸூவோடு. பார்ஷ் 2012 லண்டனில் தங்கம் வாங்கியவர், ஹலாஸ் 2024 பாரிஸில் வெள்ளி. ஒவ்வொரு படியின் விகிதத்தையும் பெருக்கிக்கொண்டே போனால் அடிப்படிக்கும் மேல்படிக்கும் இடையே எத்தனை மடங்கு என்று ஓரளவு பிடிபடும். ஓரளவுதான். ட்ரெண்ட்ஸ் மொத்தத் தேடல்களை எண்ணுவதில்லை, மாதிரி எடுக்கிறது, அதனால் சின்னப் பெயர்களுக்கு இன்று ஒரு கோடும் நாளைக்கு வேறு கோடும் வரும். வேறு வேறு நாட்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். பூஜ்யம் என்று வந்தால் யாரும் தேடவில்லை என்று அர்த்தமில்லை, காட்டும் அளவுக்குத் தேடவில்லை என்று அர்த்தம்.

ஒரு சுவாரசியமான வேலை சொல்கிறேன். நாட்டை ஹங்கேரி என்று வைத்துப் பார்த்தபின் ருமேனியாவுக்கு மாற்றி, மாவட்டவாரியாகப் பாருங்கள். ஹர்கிதா, கோவாஸ்னா மாவட்டங்களில் பெரும்பான்மையினர் ஹங்கேரிய மொழி பேசுகிறவர்கள். அங்கே மட்டும் நிறம் அடர்ந்து, மற்ற ருமேனியா வெள்ளையாக இருந்தால், இவருடைய புகழ் நாட்டெல்லையைத் தாண்டியிருக்கிறது, மொழியைத் தாண்டவில்லை என்று ஆகிறது. வெளிநாட்டிலும் பிரபலம் என்று மொட்டையாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எத்தனை மொழி, எந்த மதிப்பெண்

இத்தனை மொழிகளில் இவருக்கு விக்கிப்பீடியா கட்டுரை இருக்கிறது என்ற எண் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் என்றாலே பல மொழிகளில் இரண்டு வரிக் குறுங்கட்டுரை தானாக முளைத்துவிடும். எகிப்திய அரபு விக்கிப்பீடியா மாதிரி சிலவற்றில் விக்கித்தரவிலிருந்து தானியங்கியே ஆயிரக்கணக்கில் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதித் தள்ளியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மொழிக் கட்டுரையையும் திறந்து பாருங்கள், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீளத்தையும் வரலாற்றில் எத்தனை மனிதர்கள் திருத்தியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்தால் போதும். மனிதக் கை பட்ட கட்டுரைகளை மட்டும் எண்ணுங்கள். எண் சுருங்கும், சுருங்கட்டும்.

பாந்தியோன் என்ற திட்டத்தின் மதிப்பெண்ணும் பலருடைய கண்ணில் படும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சேசர் இடால்கோவின் குழு 2014ல் வெளியிட்டது, பிரபலமானவர்களுக்கு வரலாற்றுப் புகழ் குறியீடு என்று ஒரு எண் கொடுக்கிறது. இதன் மூலச் சூத்திரத்தைத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணைத் தொடவே தொடாதீர்கள். மொழிகளின் எண்ணிக்கை, பார்வைகள் மொழிகளுக்குள் எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்பது, ஆங்கிலம் அல்லாத பார்வைகள், இவற்றின் மடக்கைகளைக் கூட்டுகிறார்கள். வயதின் மடக்கையும் சேரும், அதற்கு அடிமானம் 4. பார்வைகள் மேலும் கீழும் எவ்வளவு ஆடுகின்றன என்பதன் மடக்கையைக் கழிக்கிறார்கள். இதற்கெல்லாம் மேலே, பிறந்து 70 வருஷம் ஆகாதவர்களுக்கு ஒரு தண்டம்: 70லிருந்து வயதைக் கழித்து 7ஆல் வகுத்தால் வரும் எண் குறைக்கப்படும்.

மார்டோனுக்குப் போட்டுப் பாருங்கள். 2024ல் அவருக்கு 35 வயது, தண்டம் சரியாக 5. சூத்திரத்தில் மடக்கைகள் இருப்பதால் 5 என்பது சின்னக் கழித்தல் இல்லை, பார்வைகள் கிட்டத்தட்ட 148 மடங்கு பெருகினால்தான் ஈடாகும். வர்யூ 1937ல் பிறந்தவர், 1994ல் காலமானார், ஆனால் இந்தக் கணக்கில் வயது பிறந்த வருஷத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே 2024ல் அவருக்கு 87, தண்டம் கிடையாது. வயதின் மடக்கையிலும் அவருக்குச் சுமார் 0.66 கூடுதல். 1962லும் 1966லும் ஐரோப்பிய சாம்பியன், அதில் இரண்டாவது சொந்த மண்ணில் புடாபெஸ்டில், ஒலிம்பிக் வெண்கலமும் உண்டு, பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பட்டியலில் அவர் மார்டோனுக்கு மேலே இருந்தால் இணையத்தில் ஜனங்கள் அவரைத்தான் அதிகம் தேடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. அந்தக் குறியீடு கேட்கும் கேள்வியே வேறு: காலத்தைத் தாண்டி நிற்கிறாரா? இன்று எவ்வளவு பிரபலம் என்று தெரிய வேண்டும் என்றால் இது தப்பான கருவி. பார்வைகளின் ஆட்டத்தைக் கழிக்கும் யோசனை மட்டும் எனக்குப் பிடிக்கும், நான் மேலே சொன்ன உச்சம், அடித்தளம் வித்தியாசத்தை வேறு வழியில் பிடிக்கப் பார்க்கிறது.

சமூக வலைத்தளங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் இங்கே நம்பகமாக அளக்க முடிவது கொஞ்சம்தான். ஃபாலோயர் எண்ணிக்கை ஏறும், இறங்காது, அதாவது விட்டுப் போகிறவர்கள் அரிது, பார்க்காமல் கிடப்பவர்கள்தான் அதிகம். அதைவிட, கடைசி இருபது பதிவுகளின் விருப்பங்களை எடுத்து மீடியன் போட்டு ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கருத்துகள் எந்த மொழியில் இருக்கின்றன என்று பாருங்கள். ஹங்கேரியில் ஃபேஸ்புக் இன்னமும் பலமாக இருக்கிறது, ஆகவே இன்ஸ்டாகிராமை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். உலகத் தடகள அமைப்பின் சேனலில் போட்ட வீடியோவுக்கு வந்த பார்வைகளை எறிந்தவரின் கணக்கில் எழுதாதீர்கள், அது சேனலின் கூட்டம். எறிதல் வீராங்கனைகளின் வீடியோக்களுக்குக் கீழே உடம்பைப் பற்றி வரும் கேலிகளும் கருத்துகள் என்றுதான் எண்ணப்படும், கருத்து எண்ணிக்கை கூடியதை அபிமானம் என்று வாசித்துவிடக் கூடாது, ஒரு தடவை இறங்கிப் படித்துப் பாருங்கள். குடும்பம், குழந்தைகள் பற்றிய பதிவுகளைச் சேகரிக்க வேண்டாம், அது அளவீட்டுக்குத் தேவையும் இல்லை.

உள்ளூர்ப் பத்திரிகைகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். நெம்செட்டி ஷ்போர்ட் 1903ல் தொடங்கிய விளையாட்டு நாளிதழ், அதன் இணையதளத்துக்குள் மட்டும் தேடும்படி கூகுளில் கட்டுப்படுத்தி, வருஷவாரியாக எத்தனை செய்திகள் என்று எடுங்கள். பருவம் இல்லாத மாதத்திலும் பேட்டி எடுக்கிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. முடிவுச் செய்தியில் பெயர் வருவது எல்லாருக்கும் நடக்கும்.

எறிதலால் வராத புகழ்

ஒப்பிட இன்னொரு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய மேடு எதனால் வந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெல்ஜியத்தின் ஜோலியன் பூம்க்வோ குண்டும் சங்கிலிக் குண்டும் எறிகிறவர். 2023 ஜூனில் ஐரோப்பிய அணிப் போட்டியில், தடை ஓட்டத்துக்கு ஆள் இல்லாமல் அணி புள்ளியை இழக்கும் நிலை வந்தபோது, அவரே போய் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் நின்று ஒவ்வொரு தடையையும் பொறுமையாகத் தாண்டி 32.81 வினாடியில் சிரித்துக்கொண்டே முடித்தார். இரண்டு புள்ளி கிடைத்தது, அணி அப்படியும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, ஆனால் அந்த வீடியோ உலகம் சுற்றியது. அவருடைய உச்சத்தையும் மார்டோனின் உச்சத்தையும் பக்கத்தில் வைத்து, இவர் அவரைவிட இத்தனை மடங்கு பிரபலமான குண்டு எறிதல் வீராங்கனை என்று எழுதினால் அது அபத்தம். ஒருவர் குண்டு எறிந்ததற்காகத் தேடப்பட்டார், இன்னொருவர் ஓடியதற்காக.

விவகாரங்களும் அப்படியே. 2004 ஏதென்ஸில் ஹங்கேரியின் ராபர்ட் ஃபசேகாஷ் வட்டெறிதலிலும் அட்ரியான் அன்னுஷ் சங்கிலிக் குண்டிலும் வாங்கிய தங்கங்கள் ஊக்கமருந்துச் சோதனை விவகாரத்தில் பறிக்கப்பட்டன. கூகுள் ட்ரெண்ட்ஸ் 2004லிருந்து தரவு வைத்திருக்கிறது, ஆகவே அவர்கள் பெயரைப் போட்டால் அந்த ஆகஸ்ட் கண்ணில் படும். ஹங்கேரிய எறிதல் வீரர்களை வரிசைப்படுத்தும்போது இந்த மேடுகளைத் தனி நிறத்தில் குறியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பட்டியலில் மேலே வருவது யார் என்று பார்த்துவிட்டு நீங்களே குழம்புவீர்கள்.

எழுதும்போது

எடுத்த எண்களைப் பகிரும்போது எண்ணோடு சேர்த்து இவற்றையும் போடுங்கள்: எந்தத் தேதியில் எடுத்தது, எந்த மொழிப் பக்கம், முகவர் அமைப்பு என்ன, வழிமாற்றுகள் சேர்த்தா சேர்க்காமலா, ட்ரெண்ட்ஸ் என்றால் தலைப்பா தேடல் சொல்லா, எந்த நாடு, எந்தக் காலம். பக்கப் பார்வைக் கருவி தரவை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கித் தரும், அந்தக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தானியங்கிகளைப் பிரிக்கும் முறையை அவ்வப்போது மாற்றும்போது பழைய எண்களும் சில சமயம் திருத்தப்படும். உச்சம், அடித்தளம், மேடு இறங்கி அடித்தளத்தைப் போல இரண்டு மடங்குக்கு வர எடுத்த நாட்கள், மொத்தப் பார்வைகளில் ஹங்கேரிய மொழியின் பங்கு, இந்த நாலையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டு, மொத்த எண்ணைக் கடைசியில் போடுங்கள், அல்லது போடாமலே விடுங்கள்.